பேருந்து ஏறாத ஊர்ச் சாப்பாடு

கரிசல்மண்

கோவில்பட்டிப் பக்கம் என்று சொன்ன மறுநொடியே சென்னையில் எல்லோரும் என்னிடம் கேட்பது கடலை மிட்டாயைத்தான். அதில் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. 2020-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, எங்கள் ஊர் வீதிகளில் வெல்லப்பாகு காய்ச்சிக் கை காய்த்துப்போன மனிதர்களை நினைத்து நானும் மகிழ்ந்தேன். ஆனால், எங்கள் வீட்டில் கடலை மிட்டாய்க்காக யாரும் காத்துக் கிடந்ததில்லை. நாங்கள் காத்துக் கிடந்தது அதலைக்காய்க்கு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அதலை என்பது பாகற்காயின் உறவுக்கொடி. கட்டைவிரல் நீளம்கூட இராது. மேலே மெல்லிய வரிகள் ஓடும். கரிசல் காட்டில் யாரும் விதைக்காமல், யாரும் தண்ணீர் பாய்ச்சாமல், மண்ணுக்கடியில் கிழங்காகக் கோடை முழுவதும் உறங்கிக் கிடந்து, ஐப்பசி மழை விழுந்ததும் வரப்போரத்தில் தானாகத் தழைக்கும். கார்த்திகை, மார்கழி வரை காய் கிடைக்கும். அதிகாலையில் காட்டுக்குப் போய்ப் பறித்து வந்த பெண்கள், மடியிலிருந்து சாக்கில் கொட்டித் தெருவில் கூறு வைத்து விற்பார்கள். எங்கள் அம்மா வாசல்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு காயையும் எடுத்து, இரு முனைகளையும் நகத்தால் கிள்ளிப் போடுவார். அந்த மெல்லிய ‘டக், டக்’ ஓசை கேட்டாலே அன்றைக்கு மத்தியானம் என்ன வெஞ்சனம் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். சின்ன வெங்காயம் வதக்கி, காயை முழுதாகவே போட்டு, மிளகாய்ப்பொடியும் உப்பும் சேர்த்து, புளித்தண்ணீர் கொஞ்சம் தெளித்து, கடலெண்ணெயில் சுருளச் சுருள வதக்க வேண்டும். கம்பஞ்சோற்றுக்கும் பருப்புச் சோற்றுக்கும் அதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் இன்றுவரை சாப்பிட்டதில்லை. கசப்பு உண்டு, ஆனால் பாகற்காய்போல நாக்கில் உட்கார்ந்துகொள்ளாது, வந்த வேகத்தில் போய்விடும்.

இந்தக் காய் ஏன் சென்னைக்கு வருவதில்லை என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஊரிலிருந்து இரண்டு கிலோ வாங்கி, கழுவிச் சுத்தமாக இருக்கட்டும் என்று அலசி, பிளாஸ்டிக் பையில் கட்டி இரவுப் பேருந்தில் ஏறினேன். காலையில் கோயம்பேட்டில் இறங்கிப் பையைத் திறந்தால் பாதிக் காய்கள் வாய் பிளந்து, விதை தெரியக் கிடந்தன. பறித்த மறுநாளே வெடிக்கத் தொடங்கும் காய் அது. ஈரம் பட்டால் இன்னும் விரைவு. ஊரில் பறித்து ஊரிலேயே தின்று தீர்க்க வேண்டிய காய்.

அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். பேருந்து நிலையக் கடைகளில் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருக்கும் பண்டங்கள் நம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிட்டு, உங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் காத்திருந்து, விரும்பி, வீட்டில் சமைத்துச் சாப்பிடும் உணவு எது, அது ஏன் ஊரைத் தாண்டவில்லை என்று எழுதுங்கள்.

---

சாத்தூரான்

அதலைக்காயை இவ்வளவு அன்போடு யாராவது எழுத மாட்டார்களா என்று பல நாள் நினைத்திருக்கிறேன், அண்ணாச்சி. எங்கள் வீட்டில் வதக்கலோடு நிறுத்த மாட்டோம்; வதக்கிய காயைப் புளிக்குழம்பிலும் போடுவோம். மறுநாள் அந்தக் குழம்பு இன்னும் ருசி.

உங்கள் பட்டியலில் மிதுக்கு வத்தலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவும் காட்டில் தானாகப் படரும் சிறு காய்தான். உப்பும் மோரும் சேர்த்து ஊற வைத்து வெயிலில் உலர்த்தி எடுத்து வைத்துக்கொண்டால், காய்கறியே கிடைக்காத சித்திரை, வைகாசியில் எண்ணெயில் பொரித்துக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளலாம். மானாவாரிப் பூமியில் மழைக்காலத்து விளைச்சலைக் கோடைக்குக் கடத்தும் வழி அது. சாத்தூர் என்றதும் காராச்சேவும் வெள்ளரிக்காயும் ஊருக்கு வெளியே தெரிகின்றன. மிதுக்கு வத்தலைப் பற்றிக் கேட்டவர் ஒருவரையும் நான் வெளியூரில் கண்டதில்லை.

---

பொருநைவாசி

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரைப் பற்றிப் பேச்செடுத்தாலே அல்வா என்று முடித்துவிடுகிறார்கள். திருநெல்வேலி வீடுகளில் விருந்தாளி வந்தால் அடுப்பில் ஏறுவது தேங்காய்ப்பால் குழம்பான சொதி.

சைவ வேளாளர் வீட்டுத் திருமணங்களில், கல்யாணத்துக்கு அடுத்த மறுவீட்டுப் பந்தியில் சொதிதான் தலைமை. ‘மாப்பிள்ளைச் சொதி’ என்றே அதற்குப் பெயர். முதல் நாள் சாம்பாரும் ரசமுமாக ஊரையே கூட்டிப் பந்தி போட்டு முடிந்தபின், இரண்டு குடும்பங்கள் மட்டும் அமர்ந்து நிதானமாகச் சாப்பிடும் நாள் அது. இன்று அந்தச் சாதி வட்டத்தைத் தாண்டி ஊரில் எல்லா வீடுகளிலும் ஞாயிற்றுக்கிழமைச் சமையலாகிவிட்டது, அதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் இணையத்தில் காணப்படும் பல குறிப்புகள் இதைக் குருமாவாக்கி விடுகின்றன. ஆறு பேருக்கு இரண்டு பெரிய தேங்காய் வேண்டும். துருவி அரைத்து, முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாகப் பிழிந்து வைக்க வேண்டும். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், பச்சைப் பட்டாணி ஆகியவற்றை நீளவாக்கில் நறுக்கி, மூன்றாம் பாலிலேயே வேக வைக்க வேண்டும். தண்ணீரில் வேக வைத்துப் பிறகு பாலைச் சேர்த்தால் காய் ஒரு பக்கமும் குழம்பு ஒரு பக்கமுமாக நிற்கும். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் நறுக்காமல் முழுதாக வதக்கிச் சேர்க்க வேண்டும். இலேசாக வறுத்து மலர வேக வைத்த பாசிப்பருப்பு ஒரு கைப்பிடி, இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்த விழுது, இரண்டாம் பால் என்று ஒவ்வொன்றாக உள்ளே போகும். எல்லாம் சேர்ந்து கொதித்தபின் தீயைத் தணித்து முதல் பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். எலுமிச்சைச் சாறு அடுப்பை விட்டு இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்தபிறகுதான். மிளகாய்த்தூள் கிடையாது, புளி கிடையாது, பட்டை கிராம்பு கிடையாது. எங்கள் வீட்டில் மஞ்சள்கூடப் போட மாட்டோம். சொதி வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆச்சியின் கட்டளை.

இதற்கு இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்குப் பொரியலும் தப்பாமல் வேண்டும். இவ்வளவு தேங்காய்ப் பாலை வயிறு தாங்க வேண்டுமே. அந்தப் பொறுப்பை இஞ்சி எடுத்துக்கொள்ளும். புளியும் வெல்லமும் சேர்ந்து, கறுத்து, நாக்கைச் சுண்டும் அந்தப் பச்சடி இல்லாமல் சொதி பரிமாறுவது எங்கள் ஊரில் குறையாகவே பேசப்படும்.

இது ஏன் ஊரைத் தாண்டவில்லை என்றால், சொதிக்கு ஆயுள் ஒரு வேளைதான். மத்தியானம் வைத்தது மாலைக்குள் தன் வாசத்தை இழந்துவிடும். மறுபடி சுட வைத்தால் பால் திரிந்து எண்ணெய் மிதக்கும். இதைப் பெட்டியில் அடைத்து விற்க வழியே இல்லை.

---

கொக்குவில்

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சொல். பொருநைவாசி அக்காவின் பதிவை வாசித்தபோது, எங்கள் அம்மாவின் குசினி வாசம் வந்துபோனது. எங்கள் வீடுகளில் இடியப்பத்துக்குச் சொதி இல்லாத காலைப்பொழுதை நினைத்தும் பார்க்க முடியாது. ஆனால் எங்களுடையது வேறு விதம். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, வெந்தயம் ஆகியவற்றை இரண்டாம் பாலில் அவிய விட்டு, மஞ்சள் சேர்த்து, கடைசியாகத் தலைப்பாலை விட்டு, இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விடுவோம். பருப்புப் போடுவதில்லை, தண்ணீராகத்தான் இருக்கும், இடியப்பம் அதை உறிஞ்ச வேண்டும். சிறு மீனோ மீன் தலையோ போட்டும் வைப்போம்.

பெயர் ஒன்றாக இருப்பதும், தேசிக்காயைக் கடைசியில் விடும் பக்குவம் ஒன்றாக இருப்பதும் எனக்கு வியப்பாக இருக்கிறது. கடலின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனதா, அங்கிருந்து இங்கு வந்ததா?

---

பொருநைவாசி

எது முதலில் என்று தீர்ப்புச் சொல்ல என்னிடம் சான்று ஏதும் இல்லை, தம்பி. மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் தென்னை நிற்கிறது, இரு கரைகளுக்கும் இடையே பல நூற்றாண்டுகளாகப் போக்குவரத்து நடந்திருக்கிறது. ஒரே சொல் இரு வீடுகளிலும் புழங்குவதற்கு அது போதும். உங்களுடையது காலை உணவுக்கான நீர்ச்சாறு, எங்களுடையது மத்தியானச் சோற்றுக்கான குழம்பு. பாசிப்பருப்பு உள்ளே வந்தது அதனால்தான் என்று நான் நினைக்கிறேன். சோற்றோடு பிசைய ஒரு பிடிமானம் வேண்டும் அல்லவா. அடுத்த ஞாயிறு உங்கள் முறையில் வைத்துப் பார்க்கிறேன்.

---

டவுண்காரன்

இந்த இழையின் அடிப்படையையே நான் மறுக்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் குடும்பத்தில் இரண்டு தலைமுறையாக அல்வா கிண்டுகிறார்கள். என் தாத்தாவின் வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்திருக்கும், அவ்வளவு ஆண்டுகள் துடுப்புப் பிடித்தவர். பெட்டியில் விற்கும் பண்டம் ஊர்க்காரர்களுடையது இல்லை என்பதுபோல இங்கே பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

திருநெல்வேலி டவுணில் மாலை நேரத்தில் நெல்லையப்பர் கோயில் பக்கம் வந்து பாருங்கள். அல்வாவுக்கு நிற்பவர்களில் பாதிப் பேர் உள்ளூர்க்காரர்கள். அவர்கள் கிலோக் கணக்கில் வாங்க மாட்டார்கள். நூறு கிராமை இலைத் துண்டில் சூடாக வாங்கி, அங்கேயே நின்று, விரலால் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, நாக்குத் திகட்டாமல் இருக்க ஒரு கை மிக்சரை வாயில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். சூடான அல்வா இலையில் நிற்காது, வழியும். கையில் ஒட்டாது, நெய்தான் ஒட்டும். நீங்கள் சென்னையில் இறங்கிப் பெட்டியைத் திறந்து கத்தியால் வெட்டிச் சாப்பிடுவது, அதே அல்வாவின் ஆறிப்போன உருவம். ஆகவே அல்வாவிலும் பேருந்து ஏறாத பகுதி ஒன்று இருக்கிறது.

அதன் வேலையையும் சொல்லிவிடுகிறேன். சம்பா கோதுமையை ஊற வைத்து, அரைத்து, துணியில் பிழிந்து பால் எடுக்க வேண்டும். அந்தப் பாலை ஓர் இரவு அசையாமல் வைத்தால், மேலே புளித்த தெளிநீர் நிற்கும், அடியில் கெட்டிப் பால் படியும். தெளிவை வடித்துவிட்டுக் கெட்டிப் பாலைச் சர்க்கரையோடு சேர்த்துக் காய்ச்சிக் கிண்ட வேண்டும். நிறத்துக்குச் சாயம் எதுவும் கிடையாது. ஒரு பங்குச் சர்க்கரையைத் தனியே கருக்கிச் சேர்ப்பதில் வருவதுதான் அந்தச் செம்பழுப்பு. நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே போனால், முதலில் குடித்துக்கொண்டே இருக்கும் அல்வா ஒரு கட்டத்தில் போதும் என்று நெய்யைக் கக்கத் தொடங்கும். அந்த நேரத்தைக் கண்டுபிடிப்பதுதான் தொழில். இந்தச் சமையல், சொக்கம்பட்டி ஜமீன் காலத்தில் வடக்கிலிருந்து வந்த சமையல்காரர்கள் கொண்டுவந்தது என்று ஊரில் வழிவழியாகச் சொல்வார்கள். வெளியிலிருந்து வந்ததை எங்கள் ஊர் தன்னுடையதாக்கிக்கொண்டது.

---

கரிசல்மண்

அண்ணாச்சி, உங்கள் மனம் வருந்தும்படி எழுதியிருந்தால் மன்னிக்க வேண்டும். சூடான அல்வாவை இலையில் சாப்பிடுவதும் பெட்டி அல்வாவும் இரண்டு வெவ்வேறு பண்டங்கள் என்பதை முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். நான் பிரித்துப் பார்க்க நினைத்தது பண்டத்தை இல்லை, அதைச் சாப்பிடும் முறையை என்று உங்கள் பதிவைப் படித்தபிறகுதான் எனக்கே தெளிவாகிறது.

ஒரு கேள்வி. தாமிரபரணித் தண்ணீரால்தான் அந்தச் சுவை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தத் தண்ணீர் குழாய் வழியாகத் தூத்துக்குடிக்கும் எங்கள் கோவில்பட்டிக்கும்தான் வருகிறது. எங்கள் ஊர்க் கடலை மிட்டாய்க்கும் அதே தண்ணீரைத்தான் காரணம் சொல்கிறார்கள். அப்படியானால் கோவில்பட்டியில் ஏன் அந்த அல்வா அமைவதில்லை?

---

டவுண்காரன்

தண்ணீருக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். கோதுமையை ஊற வைப்பதும், அரைப்பதும், பால் புளிப்பதும் தண்ணீரில்தான் நடக்கின்றன. உப்புத்தன்மை கூடிய தண்ணீரில் எடுத்த பாலின் சுவை வேறாகத்தான் இருக்கும். ஆனால் தண்ணீர் பாதிக் காரணம்கூட ஆகாது என்பது என் எண்ணம். எங்கள் உறவினர் ஒருவர் கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீரில் கிண்டுகிறார்; நல்ல கைப்பக்குவம், நல்ல நெய். என்றாலும் முதல் நாள் கிண்டியதை மூன்றாம் நாள்வரை வைத்து விற்க வேண்டிய நிலை அவருக்கு. எங்கள் ஊரில் அன்று கிண்டியது அன்றே தீர்ந்துவிடும். வாங்குகிறவனும் நேற்றைய அல்வாவை நாக்கில் வைத்ததுமே கண்டுபிடித்துவிடுவான், மறுநாள் அந்தக் கடைக்கு வர மாட்டான். கிண்டுகிறவனைக் கண்டிப்பாக வைத்திருப்பது அந்த நாக்குகள்தான்.

---

சாத்தூரான்

இதை வழிமொழிகிறேன். எங்கள் பக்கத்துக் கருப்பட்டி மிட்டாயும் அப்படியே. அரிசியும் உளுந்தும் சேர்த்து அரைத்த மாவைத் துணியில் வைத்து எண்ணெயில் சுற்றிப் பிழிந்து, பொரிந்ததும் கருப்பட்டிப் பாகில் முக்கி எடுப்பார்கள். முதல் ஒரு மணி நேரம் மேலே மொறுமொறுவென்று இருக்கும், கடித்தால் உள்ளிருந்து பாகு சொட்டும். மறுநாள் அது சவுக்கென்று ஆகிவிடும்.

---

நாஞ்சிலாள்

கருப்பட்டி என்ற சொல்லைப் பார்த்ததும் எழுத வந்துவிட்டேன். நாகர்கோவில் பக்கம் எங்கள் வீடுகளில் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் செய்யும் முந்திரிக்கொத்து உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெயரைக் கேட்டு முந்திரிப் பருப்பைத் தேடாதீர்கள். அதில் முந்திரிப் பருப்பே கிடையாது. கொடிமுந்திரிக் குலைபோல மூன்று மூன்றாக ஒட்டிக்கொண்டிருப்பதால் வந்த பெயர் என்று எங்கள் பாட்டி சொல்வார். சிறுபயற்றை வாசம் வர வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்து, வறுத்த தேங்காய்த் துருவல், எள், ஏலம், சுக்கு சேர்த்து, கருப்பட்டிப் பாகை ஊற்றிக் கை பொறுக்கும் சூட்டிலேயே உருண்டை பிடிக்க வேண்டும். ஆறினால் உருண்டை உதிரும்; ஆகவே வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஒரே பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்து விரைந்து பிடிப்போம். உள்ளங்கை சிவந்துபோகும். பிறகு மஞ்சள் கலந்த அரிசிமாவுக் கரைசலில் மூன்று மூன்றாக முக்கித் தேங்காயெண்ணெயில் பொரித்தெடுக்க வேண்டும். சில வாரங்கள்வரை கெடாது. பேருந்து ஏறாத பண்டம் என்று இதைச் சொல்ல முடியாது. கட்டிக்கொடுத்த மகள்களின் வீட்டுக்குத் தூக்குவாளியில் ஏறிப் போய்க்கொண்டே இருக்கும். கடைக்குத்தான் அதிகம் போகவில்லை.

அதேபோலத் திருக்கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை. பனங்குருத்து ஓலையைத் துண்டு துண்டாக நறுக்கி, அதன் மடிப்புக்குள் அரிசிமாவும் கருப்பட்டியும் தேங்காயும் பிசைந்த மாவை அப்பி, இன்னோர் ஓலையால் மூடிக் கட்டி ஆவியில் வேக வைப்போம். பிரிக்கும்போது ஓலையின் வரிகள் கொழுக்கட்டை மேல் பதிந்திருக்கும். அந்தப் பச்சை ஓலை வாசத்தை வேறெந்தப் பாத்திரத்தாலும் கொடுக்க முடியாது.

இப்போது என் மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு பெரிய ஊர் ஒன்றில் பெயர்பெற்ற கடையில் கருப்பட்டி வாங்கி முந்திரிக்கொத்துக்குப் பாகு காய்ச்சினேன். பாகு கம்பிப் பதம் தாண்டியதும் ஓரமெல்லாம் சீனி பூத்துவிட்டது, உருண்டை கல்லாகிப்போனது. ஒரு படிப் பயறு வீண். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் பனையேறும் கைகள் குறைந்துகொண்டே வரும்போது, பனையே ஏறாத கருப்பட்டிதான் கடையை நிரப்புகிறது. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அந்த மரத்தில் விடிவதற்கு முன்னும் பொழுது சாயவும் ஏறி, கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்கி, விறகு தேடிக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுக்கும் குடும்பத்துக்கு, அந்த உழைப்புக்கான விலையை நாம் கொடுப்பதில்லை. மலிவாகக் கேட்கிறோம், சீனி கலந்ததைப் பெறுகிறோம்.

---

பொருநைவாசி

நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை, அம்மா. நல்ல கருப்பட்டியை உடைத்தால் உடைந்த பக்கம் மங்கலாக இருக்கும், மழைக்காலத்தில் கசிந்து இளகும். உடைத்த இடம் மினுமினுத்து, ஆவணியிலும் ஐப்பசியிலும் ஒரே கெட்டியாக இருந்தால் எனக்குச் சந்தேகம்தான். நாங்கள் இப்போது கடையை விட்டுவிட்டு, காய்ச்சுகிறவர் வீட்டிலேயே கோடையில் சொல்லி வைத்து ஆண்டுக்கு வேண்டியதை வாங்கிப் பானையில் போட்டுக்கொள்கிறோம். விலை கூடுதல்தான். பாகு ஒருமுறைகூட ஏமாற்றியதில்லை.

---

புதுக்குடித்தனம்

எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் பிறந்த ஊர் தருமபுரி; தென்காசிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு இப்போது பெங்களூரில் இருக்கிறோம். என் கணவர் உளுந்தஞ்சோறு, உளுந்தஞ்சோறு என்று மாதம் ஒருமுறையாவது ஏங்குகிறார். அத்தையிடம் தொலைபேசியில் கேட்டு இரண்டுமுறை செய்தேன். முதல்முறை வெள்ளை உளுந்தில் செய்தேன், பசைபோல ஆகிவிட்டது. இரண்டாம்முறை கறுப்பு உளுந்து கிடைத்தது. வேகாமல் பல்லில் கடிபட்டது. அத்தை எல்லாவற்றுக்கும் ‘ஒரு அளவாப் போடு’ என்றுதான் சொல்கிறார்கள். கண்ணில் நீர் வந்துவிட்டது. யாராவது அளவோடு சொல்லித் தர முடியுமா?

---

பொருநைவாசி

மகளே, அத்தைகள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அவர்களுக்குக் கைதான் அளவு. நான் படியளவில் சொல்கிறேன், குறித்துக்கொள்.

உனக்கு வேண்டியது தொலி உளுந்து, அதாவது கறுப்புத் தோலோடு உடைத்த உளுந்து. தோல் நீக்கிய வெள்ளை உளுந்தில் வழவழப்புத்தான் மிஞ்சும். முழுக் கறுப்பு உளுந்து சோறு வேகும் நேரத்துக்குள் வேகாது. உன் இரண்டு முயற்சிகளும் தவறிப்போனதற்குக் காரணம் உன் கை இல்லை, உளுந்துதான்.

அரிசி இரண்டு பங்கு, தொலி உளுந்து ஒரு பங்கு. உளுந்தை எண்ணெய் விடாமல் வெறும் சட்டியில், சிறு தீயில், வாசம் எழும்வரை வறுக்க வேண்டும். பாதி வறுத்தால் பசையாகும், கருக வறுத்தால் கசக்கும். பிறகு அரிசியோடு சேர்த்துக் களைந்துகொள். கழுவும்போது தோல் கொஞ்சம் மிதந்து போனால் போகட்டும், முழுவதையும் அரித்து எடுத்துவிடாதே. அரிசியும் உளுந்தும் சேர்ந்து ஒரு பங்கு என்றால் தண்ணீர் மூன்று பங்கு. பூண்டு பதினைந்து பல் முழுதாக, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, ஒரு மூடித் தேங்காய்த் துருவல், உப்பு. குக்கர் என்றால் மூன்று விசில் விட்டு, ஆவி தானாக அடங்கும்வரை தொடாதே. திறந்ததும் கரண்டியின் காம்பால் கிளறிவிட்டு, தட்டில் போட்டபின் மேலே நல்லெண்ணெய் ஊற்றிக்கொள்.

தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். கறுப்பு எள்ளை வெடிக்க வறுத்து, மிளகாய் வத்தல், கொஞ்சம் புளி, தேங்காய், உப்பு வைத்துக் கெட்டியாக அரைக்க வேண்டும். வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளுக்கு இடுப்பு எலும்பு பலப்பட வேண்டும் என்று உளுந்தங்களியும் உளுந்தஞ்சோறும் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். உன் கணவர் ஏங்குவதிலிருந்து, அந்த வீட்டில் அக்கா தங்கைகளுக்குச் செய்ததில் அவருக்கும் ஒரு தட்டு கிடைத்து வந்திருக்கிறது என்று தெரிகிறது.

---

டவுண்காரன்

துவையல் சரிதான்; ஆனால் உளுந்தஞ்சோற்றுக்குக் கருவாட்டுக் குழம்பையும் சொல்லாமல் விட்டது பெரிய குறை, அக்கா. எங்கள் தெருவில் கருவாட்டுக் குழம்பு இல்லாமல் உளுந்தஞ்சோறு வடித்தால் வீட்டு ஆண்கள் முகம் சுருங்கிவிடும். கோழிக்குழம்பு ஊற்றுகிறவர்களும் உண்டு.

---

பொருநைவாசி

அவரவர் வீட்டு வழக்கம், அண்ணாச்சி. எங்கள் அடுப்பில் கருவாடு ஏறியதில்லை, ஆகவே அதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அந்தப் பக்குவத்தை நீங்களே அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

---

புதுக்குடித்தனம்

இன்று செய்தேன், அம்மா. தொலி உளுந்துக்காக இங்கே மூன்று கடை ஏறி இறங்கினேன். சட்டியில் வறுத்தபோது எழுந்த வாசத்துக்கு, அறையில் இருந்தவர் எழுந்து அடுப்படிக்கு வந்து நின்றுவிட்டார். சோறு பூவாக மலர்ந்தது. அவர் பேசாமல் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். பிறகு அத்தைக்குப் படம் எடுத்து அனுப்பினார். ‘எண்ணெய் இன்னும் கொஞ்சம் ஊத்தியிருக்கலாம்’ என்று அத்தை பதில் அனுப்பினார்கள். வேறு குறை ஏதும் சொல்லவில்லை.

---

கரிசல்மண்

மகளின் பதிவைப் படித்து மனம் நிறைந்துபோனது. ஊரில் மழை தொடங்கிவிட்டது என்று என் தம்பி நேற்றுச் சொன்னான். வரப்பில் அதலைக்கொடி தலை காட்டுகிறதாம். கார்த்திகையில் நான்கு நாள் போகிறேன். இங்கே என்னோடு இருக்கும் எண்பத்திரண்டு வயது அத்தைக்கு அந்தக் காயை ஒரு வாயாவது கொடுத்துவிட வேண்டும் என்று ஆசை. பயணம் செய்யும் நிலையில் அவர் இல்லை. பிளாஸ்டிக் பையில் நான் பட்ட பாட்டை எழுதியிருக்கிறேன். வேறு வழி யாருக்காவது தெரியுமா?

---

சாத்தூரான்

என் அம்மா சிவகாசியிலிருந்து திருச்சிக்கு அக்காவுக்குக் கொடுத்தனுப்பும் வழியைச் சொல்கிறேன், அண்ணாச்சி. பேருந்து ஏறும் அன்று காலையில் பறித்த காயாகப் பார்த்து வாங்குங்கள். தண்ணீரில் அலச வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து, இரு முனைகளையும் கிள்ளி, ஊரிலேயே வெங்காயம் சேர்க்காமல் எண்ணெயும் உப்பும் மட்டும் போட்டு முக்கால் பதத்துக்கு வதக்கிவிடுங்கள். வதங்கிய காய் வெடிக்காது. அகலமான தட்டில் பரப்பி நன்றாக ஆற விட்டு, உலர்ந்த எவர்சில்வர் தூக்கில் எடுத்து வையுங்கள். மறுநாள் காலை சென்னையில் வெங்காயமும் மிளகாய்ப்பொடியும் புளித்தண்ணீரும் சேர்த்து மீதிக் கால் பதத்தை முடித்துக் கொடுத்தால், அத்தைக்கு ஊரில் சாப்பிட்டதுபோலவே இருக்கும். முழுதாக ஆறுவதற்கு முன்னால் மட்டும் தூக்கை மூடிவிடாதீர்கள்; ஆவி நீராகச் சொட்டினால் காய் நொந்துவிடும்.